நிலத்தைக் கேட்டு விதைத்தல்

புரட்டாதி மாதம் பிறந்து, கீழ்வானிலே மேகம் கூடத் தொடங்கியதும், வன்னிக் கமக்காரர் ஒருவரையொருவர் காணுமிடமெல்லாம் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. "இம்முறை என்ன விதைக்கப் போகிறாய்?" என்பதே அது. விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும். சென்ற ஆண்டு எப்பயிர் நல்ல விலை போயிற்றோ, அயலவர் எதனை விதைக்கின்றாரோ, வீட்டில் எந்த விதை எஞ்சியிருக்கின்றதோ, அதுவே விடை. ஆயின் அக்கேள்விக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய மற்றொன்றை நம்மிற் பலர் கேட்பதில்லை. "இந்த நிலம் எதனைத் தாங்கும்? அதனை விளைவித்த பின்னர் எதனைத் தாங்கும்?" என்பதே அது. அக்கேள்வியை நிலத்திடம் கேட்கும் முறையையும், கிடைக்கும் விடையைக்கொண்டு பயிர்களை மாற்றிச் சுழற்றும் முறையையும் பற்றியே இன்று சில கூற விரும்புகின்றேன்.

நான் விவசாயக் கல்வி பயின்றவனல்லன். கலைப் பட்டதாரி, அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். எனினும் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவன். கிளிநொச்சிப் பகுதியில், இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் காணித்துண்டு ஒன்று எங்கள் குடும்பத்துக்கு உண்டு. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதிக் காலத்தில் வன்னி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததும், முகாம்களில் வாழ்ந்ததும், பின்னர் படிப்படியாக மீண்டதும் நேயர்கள் அறிந்தவை. நாங்களும் அவ்வாறே மீண்டோம். வயலிற் பற்றை மண்டியிருந்தது. வரம்புகள் கரைந்து போயிருந்தன. எங்கள் ஐயா அப்போது உயிருடன் இல்லை. எந்த மூலையில் எது விளையும் என்ற அறிவும் அவருடனேயே போய்விட்டது.

அடுத்து வந்த சிறுபோகத்திற் கடன் பெற்று முழுத் துண்டிலும் நெல் விதைத்தேன். பள்ளப் பகுதியிற் பயிர் செழித்தது. மேட்டுப் பகுதியிலோ, முறைப்படி வாய்க்கால் நீர் வந்தும், மூன்றாம் நாளே தரை வெடித்தது. ஆடி மாதத்துச் சோளகக் காற்றிற் கதிரெல்லாம் பதராயின. அந்தக் கடனைத் தீர்க்க இரண்டு ஆண்டுகள் சென்றன. அறுவடையன்று அயற்காணிப் பெரியவர் ஒருவர் வரம்பில் நின்று சொன்னார்: "தம்பி, உங்கட ஐயா உந்த மேட்டிலை சிறுபோகத்துக்கு ஒருநாளும் நெல்லுப் போட்டதில்லை. பயறுதான் போடுவார். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவரைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நிலத்தையாவது கேட்டிருக்கலாம், அதற்கும் வகை தெரியவில்லை. அந்த வகையை அறிய முயன்றதன் பயனே இப்பேச்சு.

வன்னி நிலம் பார்வைக்குச் சமதரையாகத் தோன்றினும் உண்மையிற் சமதரையன்று. கடலின் மெல்லலை போல ஏறியும் இறங்கியும் செல்வது. மேடு, சரிவு, பள்ளம் என்ற மூன்றும் ஒரு வயல்வெளியிலேயே அடுத்தடுத்து வரும். 1961 ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்கே என்னும் மண்ணியல் அறிஞர் இருவர் இலங்கையின் மண்வகைகளைப் புதிய முறையில் வகுத்து வெளியிட்டனர். உலர்வலயத்திற் பரந்து காணப்படும் செங்கபில மண், இம்மூன்று படிகளிலும் மூன்று தன்மையினதாக இருத்தல் அத்துறையினர் நன்கறிந்த உண்மையாகும்.

மேட்டு மண் சிவந்தது. நீரை விரைவில் வடியவிடுவது. ஓரளவு ஆழத்திற் சரளைக் கற்படை கொண்டது. காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. நனைந்தால் உழுபடையில் ஒட்டும். உழுவதற்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். சரிவில் உள்ள மண் மங்கிய கபிலநிறம். மாரியில் ஈரம் தங்கும், கோடையில் வடியும். பள்ளத்து மண் சாம்பல்நிறம். மாரிகாலத்தில் நிலத்தடி நீர் தரையின் அருகே வந்து நிற்கும்.

இந்நிற வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணிலுள்ள இரும்பே. காற்றுப் புகும் மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும். நீர் நெடுங்காலம் தேங்கிக் காற்றை அடைத்துவிட்டால், அச்சிவப்பு மறைந்து சாம்பல்நிறம் தோன்றும். நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும் ஆழத்திலோ இரண்டும் கலந்து, சாம்பல்நிறத் தரையில் துருப்புள்ளிகள் தெறித்தாற்போலக் காணப்படும். எனவே, குழியொன்றின் சுவரிலே அப்புள்ளிகள் தொடங்கும் இடத்தைக் கண்டால், மாரியில் நீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகின்றதென்பதைக் கோடையிலேயே அறிந்துகொள்ளலாம்.

வன்னி முழுவதும் இம்மூன்று மண்ணே என்று கொள்ளுதலும் பிழை. முல்லைத்தீவுக் கரையோரம் மணற்பாங்கானது. கிளிநொச்சிக்கு வடக்கே, ஆனையிறவுக் கடனீரேரியை நெருங்குந்தோறும் தாழ்நிலங்களில் உவர் தலைகாட்டும். அயலிலுள்ள மன்னார் மாவட்டத்து முருங்கனிலோ, கோடையிற் பாளம்பாளமாக வெடிக்கும் கருங்களி மண் உண்டு. காடும் வயலும் கடற்கரையும் சில மைல் தூரத்துக்குள் மாறிமாறி வரும் இந்நாட்டில், முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்த நம் முன்னோரின் பகுப்பு வெறும் கவிமரபன்று என்பது புலனாகும். வன்புலம், மென்புலம் என்று அவர்கள் வழங்கிய சொற்களையே நாம் இன்றும் நம் வயலின் இரு தலைப்புக்கும் வழங்கலாம்.

இனி நிலத்தைக் கேட்கும் முறைக்கு வருவோம். எங்கள் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு நான் இதனைச் செய்து பார்த்தேன். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாக, மும்மூன்று அடி ஆழத்தில் மூன்று குழிகள் வெட்டினோம். முதலிற் பார்க்கவேண்டியது ஆழமும் நிறமும். வேர் இறங்கக்கூடிய மண் எவ்வளவு? சரளையோ கடும்படையோ எங்கே குறுக்கிடுகின்றது? துருப்புள்ளிகள் எங்கே தொடங்குகின்றன?

இரண்டாவது, மண்ணின் பிடி. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். திரியாகத் திரளாமல் உதிருமாயின் மணல். திரியாகித் திரண்டு, வளைக்கும்போது உடையுமாயின் இருவாட்டி. வளையமாக வளைந்தும் உடையாதாயின் களி.

மூன்றாவது, நீர் இறங்கும் வேகம். ஓரடி ஆழக் குழியில் நீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு தடியை ஊன்றி நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும் மண்ணிற் கோடையில் நெல் விதைத்தல், ஓட்டைக் குடத்தில் நீர் சுமத்தலாகும். இரவு முழுவதும் நின்று விடியற்காலையிலும் நீர் தெரியும் மண்ணில் மிளகாய் நட்டால், மாரியில் வேரழுகும்.

நான்காவது, கண்ணுக்குப் புலனாகாதவை. வயலிற் பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து ஆறங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அளவைப் பிரித்து, விவசாயப் போதனாசிரியர் வாயிலாக ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலத்தலாகாது. கலந்தால் வரும் விடை இரண்டுக்கும் பொருந்தாது. அமிலகார நிலை, உப்பின் அளவு, பொசுபரசு, பொற்றாசியம் ஆகியன அவ்வாய்விற் தெரியவரும். உப்பினை அறிவது இங்கு மிக முக்கியமாகும். மண்கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டு உப்பினை அளப்பர். அளவு மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் 1.5 வரையும், நெல் 3 வரையும் தாங்கும். தட்டைப்பயறு, அதாவது நாம் கௌப்பி என வழங்குவது, ஏறக்குறைய 5 வரை தாங்கும். எனவே உவர் கண்ட நிலமெல்லாம் பாழ்நிலம் அல்ல. வெங்காயத்துக்குப் பாழான நிலம் வேறொரு பயிருக்கு நன்னிலமாதல் கூடும்.

இதனையே உலக உணவு விவசாய நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட நில மதிப்பீட்டுச் சட்டகமும் வலியுறுத்துகின்றது. மிக ஏற்றது, ஓரளவு ஏற்றது, சிறிதளவே ஏற்றது, ஏற்காதது என்று நிலத்தை அது வகுக்கின்றது. ஆனால் 'நல்ல நிலம்', 'கெட்ட நிலம்' என்று பொதுப்பட வகுக்கவில்லை. இன்ன பயிருக்கு, இன்ன நீர்வசதியோடு, ஏற்றதா அன்றா என்றே கேட்கின்றது. எங்கள் காணியின் பள்ளம் காலபோக நெல்லுக்கு மிக ஏற்றது. அதே பருவத்தில் மிளகாய்க்கு ஏற்காதது. மேடு சிறுபோக நெல்லுக்கு ஏற்காதது; பயறுக்கு மிக ஏற்றது. நான் கடன்பட்டது நிலத்தின் குற்றத்தாலன்று.

மண்ணை அறிந்தபின் வானத்தையும் குளத்தையும் அறிதல் வேண்டும். வன்னியின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. சித்திரையில் ஒரு சிறுமழை. அதன்பின் ஆவணி வரை வறட்சியும் உலர்காற்றும். 2018 ஆம் ஆண்டு மார்கழியிற் கொட்டிய பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறவோம். அத்தகைய குளமும், ஏறக்குறைய 20,000 ஏக்கர் வயலைக் காலபோகத்திற் காத்துதவிய பின்னர், சிறுபோகத்தில் ஒரு பகுதிக்கே நீர் வழங்க வல்லதாகின்றது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் முதலிய குளங்களின் நிலையும் இத்தகையதே. குளத்து நீர் ஓர் ஆண்டுச் சம்பளம் போன்றது. அதனை மேட்டுநில நெல்லுக்குச் செலவிட்டால், கடைமடைக்காரனின் பங்கையும் சேர்த்தே செலவிடுகின்றோம்.

இனிப் பயிர்ச்சுழற்சி. ஒரு பயிர் மண்ணிலிருந்து எதை எடுக்கின்றது, எதை விட்டுச் செல்கின்றது என்ற இரண்டையும் கணக்கிட்டு, எடுப்பதன் பின் கொடுப்பதை வைத்தலே சுழற்சியாகும். தானியத்தின் பின் அவரையினம். மேல்வேர்ப் பயிரின் பின் ஆழ்வேர்ப் பயிர். ஒரு குடும்பத்துப் பயிரின் பின் அக்குடும்பம் அல்லாத பயிர். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தன. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றை நடுபவர், பயிரை மாற்றியதாக எண்ணுவர். மண்ணிலுள்ள வாடல்நோய்க் கிருமியோ விருந்து மாறவில்லை என்று மகிழும். கச்சானைத் தொடர்ந்து ஒரே மண்ணில் இட்டால் அடித்தண்டு அழுகல் பெருகும். இடையிற் சோளமோ குரக்கனோ வந்தால் அது தணியும்.

எங்கள் அனுபவத்தையும் அறிந்தோர் சொல்லையும் கொண்டு மூன்று படிக்கும் மூன்று முறை கூறலாம். வாய்க்கால் நீர் எட்டாத மேட்டில், முதலாண்டுக் காலபோகத்திற் சோளம் அல்லது குரக்கன். சித்திரைச் சிறுமழைக்கு எள்ளு. மறு ஆண்டுக் காலபோகத்தில் உளுந்து அல்லது கச்சான். பின்னர் சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல். வவுனியாப் பகுதியார் உளுந்திலும், முல்லைத்தீவுப் பகுதியார் கச்சானிலும் தேர்ந்தவர்கள். அவர்கள் மேட்டுநிலம் அப்பயிர்களை அவர்களுக்குக் கற்பித்தது என்றே கூறலாம். வாய்க்கால் எட்டும் மேட்டிலும் சரிவிலும், காலபோகத்தில் நெல். சிறுபோகத்திற் பயறு, கௌப்பி, அல்லது சாலமைத்து மிளகாய், வெங்காயம். பள்ளத்திற் காலபோகத்தில் நெல். குளத்தில் நீர் உண்டேல் சிறுபோகத்திலும் நெல். இல்லையேல் மாசி அறுவடை முடிந்த கையோடு, மண்ணில் எஞ்சிய ஈரத்திற் பயறு. பயறு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முற்றிவிடும். நெல்லுக்கு வேண்டும் நீரிற் சிறு பங்கே அதற்குப் போதும். உவர் கண்ட தாழ்நிலத்தில், உவரைத் தாங்கும் நெல்லாகிய ஏ.ரி. 354 போன்றவற்றைக் காலபோகத்தில் விதைத்து, மாரிநீரால் உப்பைக் கழுவி வடியவிடுதலே முதல் வேலை.

நெல்லையும் மேட்டுப் பயிரையும் மாற்றி வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. தேங்கும் நீர் மேட்டுக் களைகளைக் கொல்லும். உலர்ந்த பருவம் நீர்க்களைகளைக் கொல்லும். ஆயினும் சேறடித்த வயலில் அடியிற் கடும்படை ஒன்று உண்டாவதால், பயறுக்கு முன்னர் அதனை உடைத்து, வடிகால் வெட்டுதல் அவசியமாகும்.

அவரையினம் மண்ணுக்கு நைதரசன் தருமென்பதை நாம் பள்ளியிற் படிக்கின்றோம். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றித் தருகின்றன என்பதை 1880களில் ஹெல்றீகல், வில்ஃபாத் என்னும் ஜேர்மானிய அறிஞர்கள் நிலைநாட்டினர். ஆனால் நமது வழக்கம் யாது? செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், மணியை விற்று, சக்கையை எரித்துவிடுகின்றோம். செடி சேர்த்த நைதரசனிற் பெரும்பங்கு மணியிலும் கொடியிலுமே இருக்கின்றது. மணியை விற்றது போக, கொடியையும் சக்கையையும் வயலுக்கு மீட்காவிடின், சுழற்சி என்ற பெயரே எஞ்சும். பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். சக்கையை நிலத்துக்கோ மாட்டுக்கோ கொடுத்து, அம்மாட்டெருவை வயலுக்குக் கொண்டு வாருங்கள்.

இவையெல்லாம் பிறநாட்டாரும் பட்டறிந்தவையே. இங்கிலாந்தில் 1843 ஆம் ஆண்டு றொதம்ஸ்ரெட் என்னுமிடத்திலே தொடங்கிய கோதுமைப் பரிசோதனை வயல் இன்றும் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் கோதுமையே விளையும் பாத்திகளைவிட, இடையில் வேறு பயிர் கண்ட பாத்திகள் கூடிய விளைச்சல் தருவதை அது காட்டியிருக்கின்றது. நம் நாட்டிலோ 2021 ஆம் ஆண்டு ஒரு கடும்பாடம் புகட்டியது. அவ்வாண்டு வைகாசியில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. கார்த்திகையிற் தடை தளர்ந்தபோதும், அக்காலபோகத்து நெற்பயிர் பல இடங்களில் மஞ்சளித்துக் குன்றியது. உரம் வேண்டாமென்பது அன்று இதனால் நான் கூறுவது. பல ஆண்டுகளாக மண்ணுக்கு எதையும் திருப்பிக் கொடாமல், உரப்பையை மட்டும் நம்பிய நிலம், அப்பை நின்ற அன்றே நின்றுவிடும் என்பதுதான்.

இவ்வளவும் தனியொருவர் செய்து முடிக்கக்கூடியன அல்ல என்பதையும் ஒளிக்காமற் கூறவேண்டும். மேல்வயலார் நெல்லுக்கு நீர் கட்டினால், ஊற்று இறங்கிக் கீழ்வயலாரின் பயறு அழுகும். மாசி அறுவடை முடிந்ததும் கட்டாக்காலி மாடுகள் வயல்வெளியில் இறங்கும். தனித்து நிற்கும் பயற்றுப் பாத்தி ஓரிரவுக்குத் தாங்காது. எல்லோரும் ஒரே நாளிற் பயற்றைச் சந்தைக்குக் கொண்டுசென்றால் விலையும் வீழும். எனவே, எந்த வாய்க்காலின் கீழ் எப்பயிர் என்பதைப் போகக் கூட்டத்திலேயே, நிலத்தின் தகுதி கண்டு, வாய்க்கால் வாய்க்காலாக முடிவு செய்தல் வேண்டும். கால்நடை கட்டும் திகதியையும் அக்கூட்டமே குறித்தல் வேண்டும். இன்று அக்கூட்டங்களில் 'எத்தனை ஏக்கர்' என்று பேசுகின்றோம். 'எந்த ஏக்கர்' என்றும் பேசத் தொடங்குவோமாயின், கடைமடையிலும் நீர் காணலாம்.

எங்கள் மேட்டில் இப்போது சிறுபோகத்துக்குப் பயறே விதைக்கின்றோம். ஒருமுறை மழை பிந்திக் கெடுத்தது. ஒருமுறை மாடு தின்றது. மற்றைய ஆண்டுகளிற் கையைக் கடிக்கவில்லை. மாணவர்கள் வெட்டிய குழிகளின் அளவுகளையும், ஒவ்வொரு போகத்திலும் எந்தப் பாத்தியில் எது விதைத்தோம், என்ன விளைந்தது என்பதையும் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதி வருகின்றோம். எங்கள் ஐயா எழுதி வைக்கவில்லை. அதனால் நான் இரண்டு ஆண்டுகள் கடன் கட்டினேன். நேயர்களே, ஐப்பசி மழைக்கு இன்னும் நாட்கள் உண்டாயின், ஒரு மண்வெட்டியுடன் உங்கள் வயலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பிள்ளைகளையும், கொப்பி ஒன்றையும் கூடவே கொண்டு செல்லுங்கள்.